அப்பா பேரில் போட்ட பணம்

1

ஜனவரி பிறந்தால் உங்களுக்குப் பொங்கல். ஹைதராபாத்தில் கணினிக் கம்பெனிகளில் குப்பை கொட்டும் எங்களுக்கு ஜனவரி என்றால் 'ப்ரூஃப்'. ஏப்ரலில் கம்பெனியிடம், "இவ்வளவு வாடகை கொடுப்பேன், இவ்வளவு சேமிப்பேன், அதற்கெல்லாம் வரி பிடிக்காதே" என்று வாய் கிழியச் சொல்லியிருப்போம். அந்தப் பேச்சுக்கெல்லாம் ரசீது காட்ட வேண்டிய மாதம் இது. காட்டாவிட்டால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். எங்கள் மாடியில் ஆளாளுக்குக் காகிதக் கத்தையோடு ஜெராக்ஸ் மிஷின் முன்னால் நிற்பதைப் பார்த்தால் ரேஷன் கடை தோற்றுவிடும்.

இந்த ஜனவரியோடு நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம். நம் பழைய மாணவியர் மலரைக் கவனித்துக்கொள்ளும் சாந்தி சரியாக இந்த நேரம் பார்த்துத்தான் போன் செய்தாள். "ஏட்டி ஹெலனு, நம்ம பிள்ளைகள்ல பாதிப் பேரு இப்ப சம்பளம் வாங்குதாளுவ. வரி எப்படி மிச்சம் புடிக்க, காச எப்படிப் போட்டு வைக்கன்னு நாலு பக்கம் எழுதித் தாயேன். நீதான் அதுல கெட்டிக்காரியாச்சே" என்றாள்.

கெட்டிக்காரியா? போன வருஷம் இதே நேரம் கேட்டிருந்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு எழுதியிருப்பேன். இப்போது ஒரு வரி எழுதுவதும் அதை அடிப்பதுமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது ஒருத்தி தன் அப்பாவுக்கு ஒரு போன் போட்டால் போதும்.

2

முதலில் சாந்தி கேட்ட விஷயங்கள்.

மார்ச் மாதத்தில் இன்சூரன்ஸ் பாலிசி எடுக்காதீர்கள். மார்ச்சில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஏஜென்ட் உங்கள் சித்தப்பா மகனாகவே இருந்தாலும் சரி, உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுங்கள், செக் கொடுக்காதீர்கள். வரி மிச்சமாகுமே என்ற பதற்றத்தில் இருபது வருஷத்துக்குக் கழுத்தை நீட்டியவள் சொல்கிறேன்.

வருஷ நடுவில் கம்பெனி மாறினால், பழைய கம்பெனியில் வாங்கிய சம்பளத்தைப் புதிய கம்பெனியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் உங்களுக்குத் தனித்தனியாகச் சலுகை கொடுத்து, வரியைக் குறைத்துப் பிடிப்பார்கள். மாசாமாசம் சம்பளம் கூடுதலாக வருகிறதே என்று நீங்களும் பட்டுப் புடவை எடுப்பீர்கள். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யப் போகும்போது மொத்தத்தையும் வட்டியோடு கட்டச் சொல்வார்கள். என் வீட்டுக்காரர் எட்வின் அப்படி ஒரு தரம் கட்டிவிட்டு, ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை.

அப்புறம், புருஷன் தன் பணத்தைப் பெண்டாட்டி பேரில் டெபாசிட் போட்டால் வரி தப்பிக்கும் என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். தப்பிக்காது. அந்த வட்டி புருஷன் கணக்கில்தான் சேரும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை பேரில் போட்டாலும் அப்பா, அம்மா கணக்கில்தான் வரும்.

எங்கள் மகள் ஷெரினுக்கு எட்டு வயது. இங்கேயே பிறந்து மல்காஜ்கிரி பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். தமிழ் புரியும். வாயைத் திறந்தால் தெலுங்கு, கொஞ்சம் இந்தி, மிச்சம் இங்கிலீஷ். கிறிஸ்துமஸுக்கு வந்த காசையெல்லாம் சேர்த்து அவள் பேரில் வங்கியில் ஒரு சின்ன டெபாசிட் போட்டோம். பாஸ்புக்கில் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "அம்மா, அதி நாதா, நீதா?" என்றாள். அது என்னுடையதா, உன்னுடையதா என்று கேட்கிறாள்.

"பேரு உன்னுது, காசு என்னுது" என்று சொல்லிச் சிரித்தேன். என்ன கேலி வேண்டியிருக்கிறது எனக்கு!

3

பெற்றவர்கள் பேரில் போடுவது வேறு கதை. இதுதான் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் ரகசியம் மாதிரிப் பேசிக்கொள்ளும் யோசனை. பிள்ளை தன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பணத்தை அன்பளிப்பாகக் கொடுத்தால் அதற்கு வரி கிடையாது. அவர்கள் அதை டெபாசிட் போட்டால் வட்டி அவர்கள் கணக்கு. வயதானவர்களுக்கு வரி வரம்பும் அதிகம், வங்கி கொடுக்கும் வட்டியும் அரை சதவீதம் கூட. என் பேரில் போட்டால் வட்டியில் மூன்றில் ஒரு பங்கு அரசாங்கத்துக்குப் போய்விடும். அப்பா பேரில் போட்டால் ஒரு பைசா போகாது. சட்டப்படி முழுக்கச் சரி. நம்மைப் போல ஊரை விட்டு வந்து, சம்பாதிப்பதையெல்லாம் அப்பா கையில் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது பால் குடிப்பது மாதிரி சுலபம்.

என் அப்பா மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் அம்மாவோடும் என் தம்பி சாமோடும் இருக்கிறார். நான் யோசனையைச் சொன்னதும் அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "உம் பணத்த நான் வாங்கவா? பொட்டப்பிள்ள காசு எனக்கு எதுக்கும்மா?" என்றார்.

"அய்ய, உங்களுக்கா குடுக்கேன்? பேருக்குத்தான்ப்பா. வீடு வாங்குறப்ப நான் எடுத்துக்கிடுவேன்."

"அப்ப சரி. பத்திரமா வச்சிருக்கேன்."

ஒரு காகிதம் டைப் அடித்து அனுப்பினேன். 'இயற்கையான அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும் என் தகப்பனாருக்கு அன்பளிப்பாக' என்று வரும். எல்லோரும் எழுதுகிற வாசகம்தான், ஆபீஸில் ஒருத்தியிடமிருந்து வாங்கி, பெயரை மட்டும் மாற்றினேன். வங்கியில் கொடுக்க இன்னொரு படிவம், 15எச். எனக்கு இந்த வருஷம் வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, வட்டியில் வரி பிடிக்காதீர்கள் என்று வயதானவர்கள் எழுதிக் கொடுப்பது. அப்போது அப்பாவின் பென்ஷன் கொஞ்சம்தான், அதனால் அது உண்மைதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வருஷா வருஷம் நாங்கள் இரண்டு பேரும் மிச்சம் பிடித்ததை அனுப்பினோம். ஐந்து வருஷத்தில் வட்டியோடு பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்களிடம் இருந்த சேமிப்பே அவ்வளவுதான்.

மேஜையில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். இவ்வளவு வரி மிச்சம், இவ்வளவு வட்டி கூட, என்று.

4

போன வருஷம் ஹப்சிகுடாவில் ஒரு பிளாட் படிந்து வந்தது. இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி, பள்ளிக்கூடம் பக்கத்தில். பொருளாதார மந்தம் வந்த காலத்தில் எட்வின் ஏழெட்டு மாதம் வேலை இல்லாமல் கம்பெனியில் சும்மா உட்கார்ந்திருந்தார். என்றைக்குக் கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டுவார்களோ என்று தினமும் பயந்துகொண்டிருந்தோம். அந்தப் பயம் போனதிலிருந்து சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று எங்களுக்கு ஒரே வெறி. வங்கி கடன் தர ஒத்துக்கொண்டது. ஆனால் எங்கள் பங்கை முதலில் கட்ட வேண்டும். நவம்பர் கடைசிக்குள் கட்டாவிட்டால் முன்பணமும் போய்விடும், வீடு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பில்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அக்டோபரில் அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அப்பா, டெபாசிட்ட எடுக்கணும். வீடு முடிவாயிட்டு."

"ஏ? என்னது?"

"டெபாசிட்டுப்பா! பணம்!"

"கேக்கலயே தாயி. இரு, அம்மைட்ட குடுக்கேன்."

அம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "சொல்லுதேன்" என்றாள். மறுநாளும் இதே கதை. எப்போது பணத்தைப் பற்றி எடுத்தாலும் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை, போன் கை மாறுகிறது. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் மட்டும் பதில் வருகிறது. அப்பாவுக்கு ஒரு காது மந்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்பு சம்பளக் கமிஷன் வந்து பென்ஷன் உயர்ந்து, பழைய பாக்கியும் மொத்தமாக வந்தபோது, "முதல்ல காதுக்கு மிஷின் வாங்குங்க" என்று நான்தான் சொன்னேன். வாங்கிக்கொள்கிறேன் என்றாரே. அப்புறம் என்ன கேட்கவில்லை?

அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அப்பா என்ன செய்தாவ?"

"வாசகசாலைக்குப் போயிருக்காவ, பேப்பர் படிக்க."

"வீட்டுக்கு வருமே பேப்பர்?"

"அத நிறுத்தி ஒரு வருஷமாச்சே. பிரஷர் மாத்திரையக்கூட இப்ப பெரியாஸ்பத்திரில போய் வரிசைல நின்னு வாங்கிக்கிடுதாவ. நான் சொன்னா கேக்காவளா?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் காலையில் பேப்பர் இல்லாமல் காபி குடிக்காத மனிதர். பென்ஷன் கூடியிருக்கிறது, ஆனால் செலவு குறைந்திருக்கிறது. அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது?

எட்வினிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் டிவியை அணைத்தார். "உன் தம்பி கடைக்குப் புதுசா கண்ணாடிக் கதவு போட்டு ஏசி வச்சிருக்கான்னு போன மாசம்தானே சொன்ன? செல்போன் ரீசார்ஜ் பண்றவனுக்கு அவ்வளவு காசு எங்கேர்ந்து வந்துச்சு?"

"அவன் கடன் வாங்கிப் போட்டிருப்பான்."

"போட்டிருக்கலாம். ஆனா ஹெலன், அந்தப் பணம் சட்டப்படி உங்கப்பாவோடது. நாமதான் அன்பளிப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கோம். அவரு அதை யாருக்குத் தூக்கிக் குடுத்தாலும் நாம வாயத் திறக்க முடியாது. அவருக்கு வயசும் எழுபதுக்கு மேல. நாளைக்கு ஒண்ணுன்னா, உன் தம்பியும் பங்கு கேப்பான்."

"நாக்குல நல்ல வார்த்த வராதா உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அன்றைக்குத் தூக்கம் போனது போனதுதான். வரிக்குப் பயந்து பணத்தை அப்பா பேரில் போட்டவள், இப்போது அப்பாவுக்குப் பயந்துகொண்டு படுத்திருந்தேன்.

தம்பிக்குப் போன் செய்து, கடை எப்படி, கதவு நல்லா இருக்காமே, என்ன செலவாச்சு என்று நைசாகக் கேட்டுப் பார்த்தேன். அவன் ஒன்றும் மட்டி இல்லை. "என்னக்கா, விசாரணையா? எதுவும் கேக்கணும்னா நேராக் கேளு" என்றான். "ஒண்ணுமில்லலே, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன்.

பணத்தை வங்கி மூலம் என் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்று அம்மா வழியாகச் சொல்லி அனுப்பினேன். ஒரு நாளில் வந்துவிடும். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "அப்பா நேர்லயே கொண்டுட்டு வாராவளாம். டிக்கெட் எடுத்தாச்சு."

எதற்காக நேரில்? முகத்துக்கு நேரே ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால்தான் வருகிறார் என்று என் மனம் அடித்துச் சொன்னது. நவம்பர் பாதி போயிருந்தது. ஆபீஸில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

5

சென்னையில் ரயில் மாறி அப்பா செகந்திராபாத்தில் வந்து இறங்கினார். எலும்பும் தோலுமாக இருந்தார். காதில் மிஷின் இல்லை.

ஆட்டோவில் அவர் வலது பக்கம் உட்கார்ந்து, நல்ல காதை என் பக்கம் வைத்துக்கொண்டார். பணத்தைப் பற்றி எடுக்காமல், வழியில் தெரிந்த கடைகளைக் காட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவிவிட்டு, காபியைக்கூடத் தொடாமல் சட்டையின் உள்பக்கம் கையை விட்டார். அம்மா உள்பை ஒன்று தைத்து ஊசி குத்தி அனுப்பியிருக்கிறாள். வங்கி டிராஃப்ட் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"சரியா இருக்கான்னு பாரு."

பார்த்தேன். அசலும், ஒவ்வொரு வருஷத்து வட்டியும், நான் கணினியில் போட்டு வைத்திருந்த கணக்குக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. எட்வின் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய்த் தானே தோசை வார்க்க ஆரம்பித்தார். வெட்கம் அவருக்கு.

"கம்ப்யூட்டர்ல அனுப்புனா நடுவுல எங்கயும் நின்னுக்கிட்டா யாரைப் போய்க் கேக்க? அதான் கையோட கொண்டாந்தேன்" என்றார் அப்பா. அவ்வளவுதான் காரணம்.

எனக்கு உயிர் வந்தது. அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மனசின் ஒரு மூலையில் ஏதோ நெருடியது. பணம் முழுசாக இருக்கிறது. தம்பி தொடவில்லை. அப்படியானால் பேப்பர் ஏன் நின்றது? காது மிஷின் ஏன் வாங்கவில்லை?

"மிஷின் எங்கப்பா?"

"அது ஒரே எரைச்சலா இருக்கும்னு சொன்னாவ. எனக்கு இதே போதும்" என்று ஷெரினைக் கூப்பிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார். அவள், "தாங்க்யூ தாத்தா, எந்த பாகுந்தோ!" என்றாள். எவ்வளவு நன்றாக இருக்கிறது என்கிறாள். அவருக்கு அந்தத் தெலுங்கு புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

6

செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்க் கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் ஒரு கூட்டம் நிற்கும். புதிதாக வந்தவர்கள் ஜெபத்துக்கு நிற்கிறார்கள் என்று நினைப்பார்கள். இல்லை, மாசிலாமணி அங்கிளுக்காக நிற்கிறார்கள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். போலாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, பாடகர் குழுவில் பாடிவிட்டு, அங்கியைக் கழற்றி மடித்ததும் நம் வருமான வரிக் கணக்கைப் பார்த்துக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார், காணிக்கைப் பெட்டியைக் காட்டுவார். அவர் தமிழில் எல்லா ஊரும் இருக்கும்; ஹைதராபாத் உருதுவின் ஹவ் (ஆமாம்), நை (இல்லை), கைக்கு (எதற்கு), நக்கோ (வேண்டாம்) எல்லாம் நடுவில் வந்து விழும்.

அப்பாவிடமிருந்து பணம் எனக்குத் திரும்பி வந்ததற்கும் ஓர் அன்பளிப்புக் கடிதம் வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அதை எழுதி வாங்கத்தான் அப்பாவையும் அழைத்துப் போனேன்.

"ஹவ் ஹவ், அப்பா மகளுக்குக் குடுத்தா டாக்ஸ் நை. கைக்கு டென்ஷன் எடுக்கறே?" என்றார் அங்கிள், எழுதிக்கொண்டே. பிறகு அப்பாவின் நல்ல காதுப் பக்கம் குனிந்தார். "பிரதர், உங்க பென்ஷன் ஏறிச்சுல்ல? அப்புறமும் 15எச் குடுத்தீங்களா? அது நக்கோ, தப்பாயிடும்."

"இல்ல சார். ஏறுன பெறகு குடுக்கல. வரி வராதுன்னு எப்படிக் கையெழுத்துப் போட? அதான் வருதே."

பென்ஷன் ஏறியது எனக்குத் தெரியும். பாக்கி வந்தது தெரியும். அதையும் இந்த வட்டியையும் கூட்டினால் அப்பா வரம்பைத் தாண்டிவிடுவார் என்பது மட்டும், ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன எனக்கு, ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

"அப்போ பேங்க்ல டாக்ஸ் புடிச்சிருப்பாங்களே. ஆனா டெபாசிட் ஃபுல்லா இருக்கே?" என்றார் அங்கிள்.

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அதுல புடிக்காண்டாம், எம் பென்ஷன் கணக்குல புடிங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன் சார். முத வருசம் மட்டும் பாக்கிப் பணம் வந்ததால கூட வந்துட்டு, அத நானே சலான் போட்டுக் கட்டிட்டேன்."

"எப்பா!" என்றேன். வராந்தாவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என் வட்டிக்கு உள்ள வரிய நீங்க ஏன் கட்டுனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அந்த வட்டிலயே எடுத்திருக்கலாம்லா?"

"அது உன் காசுல்லா பிள்ள. அதுல எப்படிக் கை வைக்க?"

"அப்ப வரியும் என்னுதுதான?"

அதட்டினால் குரல் உயர்த்துகிற மனிதர் இல்லை அப்பா. "நீ ஒரு காயிதம் எழுதிக் குடுத்த பாரு, அன்பளிப்புன்னு. அதுல எங்கப்பாவுக்குக் குடுத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்க. காயிதத்துப்படி பாத்தா அது எம் பணம். அப்ப வரிய நான்தான கட்டணும்? உங்கிட்ட வாங்கிக் கட்டுனா, எம் பிள்ள பொய்க் கையெழுத்துப் போட்டாள்னுல்லா ஆயிரும். நெசத்துப்படி பாத்தா அது உம் பணம். அத நான் தொடப்பிடாது. ரெண்டுலயும் பொய் இருக்கப்பிடாதுன்னா வேற என்ன செய்ய?"

மாசிலாமணி அங்கிள் பேனாவை மூடினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோயில் வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, மூக்கு ஒழுக. மேஜையில் பீற்றிய வரி மிச்சம் முழுவதும் அப்பாவின் காலைப் பேப்பரும் பிரஷர் மாத்திரையும் காது மிஷினுமாக இருந்திருக்கிறது. பணத்தைப் பற்றிக் கேட்டால் காது கேட்காதவர் மாதிரி நடிக்கிறார் என்று நினைத்தேனே, அவருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை. நல்ல காதும் போனில் மங்கிவிட்டதாம், சாப்பாட்டுக் கேள்வியை மட்டும் பழக்கத்தில் ஊகித்திருக்கிறார்.

"ஏம்மா, ஆளுக பாக்காவ. கண்ணத் தொடச்சுக்கோ" என்றார் அப்பா. அவர் குரலில்தான் குற்றம் செய்தவரின் பயம் இருந்தது.

7

பணத்தைக் கட்டினோம். பிளாட் பதிவாகிவிட்டது. தம்பிக்குப் போன் செய்தேன். "எனக்குத் தெரியும்க்கா" என்றான். "நான் கட்டுதேன்னு சொன்னேன், விடல. அக்காட்ட சொன்னேன்னா நீ எம் மவனே இல்லன்னாவ. கதவுக்கு நான் லோன்தான் போட்டேன், அதையும் கேட்டுக்கோ." கேட்டுக்கொண்டேன். செவிட்டில் அறைந்த மாதிரித்தான் இருந்தது. எனக்கு அது வேண்டும்.

அப்பா கட்டிய பணத்தை அவர் கையில் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். மாசிலாமணி அங்கிள்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். பாக்கி வந்த அந்த முதல் வருஷத்துக்குப் பிறகு வங்கி பிடித்தது அப்பா கட்ட வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாம். அப்பா கணக்கே தாக்கல் செய்யாமல் விட்டதால் அந்த அதிகப்படி அரசாங்கத்திடம் கிடக்கிறது. கெடு தாண்டாத வருஷங்களுக்கு இப்போது தாக்கல் செய்திருக்கிறோம். அது அவருடைய பணமே என்பதால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. காது மிஷினுக்குப் பாதிகூட வராது. மீதியை நான் நேராகக் கடையில் கட்டிவிட்டேன். அதற்கு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சாந்தி, நீ கேட்ட யோசனை இதுதான். பெற்றவர்கள் பேரில் பணம் போடுங்கள், தப்பில்லை. அவர்களுக்கு மருத்துவ இன்சூரன்சும் எடுங்கள், அதற்கும் வரிச் சலுகை உண்டு. ஆனால் ஏப்ரலில் ஒரு தடவை அவர்கள் பென்ஷனையும் உங்கள் வட்டியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். வட்டிக்கு வரி வந்தால் அதை யார் கட்டினார்கள் என்று கேளுங்கள். போனில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். நேரில் போய், வீட்டில் என்னென்ன குறைந்திருக்கிறது என்று பாருங்கள்.

அப்பாவை ரயில் ஏற்ற எல்லோரும் போனோம். காதில் புது மிஷின். அதை அடிக்கொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார், சத்தம் போட்டுப் போன இன்ஜினைப் பார்த்து முகம் சுளித்தார். வண்டி கிளம்ப நேரம் இருந்தது. ஜன்னல் வழியாக ஷெரினைக் கூப்பிட்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை அவள் கையில் வைத்து மூடினார்.

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தாத்தாவுக்குப் புரிய வேண்டுமே என்று முதல் தடவையாகத் தமிழில் தட்டுத் தடுமாறிக் கேட்டாள். "தாத்தா, இது என்னோடதா? அம்மாவோடதா?"

"உன்னோடதுதான் தாயி, வேற யாருது?" என்றார் அப்பா. பிறகு ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிவைத்து, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்:

"அதுக்கு வரி கிரின்னு எதும் வந்துச்சுன்னா மட்டும் தாத்தாட்ட சொல்லு. அம்மைட்ட சொல்லாத."